ஈரச் சாக்கில் நூறு

விதைக்கென்று கட்டிவைத்த மூடையில்
மேலால் ஒரு பிடி,
நடுவால் ஒரு பிடி,
முழங்கை மட்டும் கைவிட்டு அடியால் ஒரு பிடி.
கலந்து, கண்ணை மூடிக்கொண்டு
நூறு உழுந்து எண்ணினேன்.
கண் திறந்திருந்தால்
கை நல்லதைத்தான் பொறுக்கும்.
என் கையை எனக்குத் தெரியும்.

சாக்கில் பத்துக்குப் பத்தாய்ப் பரப்பி
தண்ணீர் தெளித்துச் சுருட்டி
குசினிக்குள், கோழிக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன்.
அது வியாழன் பின்னேரம்.
ஞாயிறு காலை கிருபாமூர்த்தி வருவார்,
நெடுங்கேணியிலிருந்து லாண்ட்மாஸ்டரில்,
நாற்பது கிலோவுக்குக் காசோடு.

தையில் பிடுங்கின உழுந்து.
பிடுங்கிப் போட்ட மூன்றாம் நாள்
காலம் தப்பி ஒரு மழை.
படங்கு இழுத்து மூடினோம்.
கீழிருந்து ஏறிய ஈரத்தை
எந்தப் படங்கு மூடும்?
பிறகு காய்ந்தது. மினுங்கியது.
கடித்தால் டிக் என்றது.
வேப்பிலை போட்டுக் கட்டினேன்,
ஆவணிக்குள் இரண்டு தரம் வெயில் காட்டினேன்.
பார்வைக்கு ஒரு குறை சொல்லேலாது.
செத்த உழுந்தும் கறுப்பு,
உயிருள்ள உழுந்தும் கறுப்பு.

ஞாயிறு விடியமுன்
போன் வெளிச்சத்தில் சாக்கை விரித்தேன்.
முதல் வரிசை முழுக்க வெள்ளை வால்.
இரண்டாவதில் மூன்று
பஞ்சுபோலப் பூஞ்சணம் பிடித்து
பக்கத்திலிருந்ததையும் தொட்டிருந்தன.
ஒன்று முளைவிட்டு
முனை கறுத்து நின்றுவிட்டது.
அதை எதில் சேர்ப்பது?
ஆறு ஊறவே இல்லை. கல்லு.
கல்லுக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டும்,
என்னிடம் இரண்டு மணித்தியாலம்.

எண்ணினேன். அறுபத்தெட்டு.
விரும்பின எண் வரட்டுமென்று திரும்ப எண்ணினேன்.
அறுபத்தேழு.

நாங்கள் திரும்பி வந்த வருசம்
தைத்த பையில் விதை தந்தார்கள்.
பையில் சீட்டு, சீட்டில் தொண்ணூறு என்று அச்சு.
பற்றை வெட்டி, மண்வெட்டி இரவல் வாங்கி
ஒன்றரை ஏக்கர் விதைத்தோம்.
முளைத்ததை மகளே எண்ணி முடித்தாள்;
அப்போது அவளுக்கு
இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாது.
அன்றைக்கு வேலிக்கு அங்காலிருந்து
கடகத்தில் விதை நீட்டிய மனுசன்
இந்தக் கிருபாமூர்த்தி என்றால்
கதை அழகாயிருக்கும்.
அது வேறொருத்தர். வட்டியும் எடுத்தார்.

எங்கள் பக்கத்தில்
எழுபத்தைந்து முளைத்தால் விதை விலை.
முளைக்காவிட்டால் வடை விலை.
காணாத அந்த எட்டுக்குள்தான்
என் உழவுகூலி கிடந்தது.

லாண்ட்மாஸ்டர் சத்தம் கேட்டதும்
சாக்கைச் சுருட்டி உள்ளே வைத்தேன்.
தேத்தண்ணி கொடுத்தேன்.
அவர் மூடைக்குள் கைவிட்டு
ஒரு பிடி எடுத்து, ஊதி, மணந்து,
"நல்ல சாமான், தங்கச்சி" என்றார்.
எச்சில் தொட்டுக் காசை எண்ணினார்.
திரும்பவும் எண்ணினார்.

என்னவோ,
அந்த இரண்டாம் எண்ணுகையை
என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.
உள்ளே போய்ச் சாக்கைக் கொண்டுவந்து
அவர் முன்னால் விரித்தேன்.

கண்ணாடி போட்டுக் குனிந்தார்.
பூஞ்சணத்தை விரலால் காட்டி
"மழையோ?"
"மழை."
"என்ரையும் அதே மழைதான்.
எண்ணியிருந்தால் ஐம்பதும் தேறாது."
"அதை என்ன செய்தனீங்கள்?"
கோப்பைக்குள் பார்த்தார்.
"வித்துப்போட்டன்."

பிறகு விலை பேசினோம்,
இரண்டு பேரும் கொஞ்சம் சத்தமாய்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு விலை.
ஏக்கருக்கு நாலு கிலோ கூட்டி விதைக்கச் சொன்னேன்.
"தெரியும்" என்றார்.
தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை
கல்லு ஆறில் நாலு வெடித்திருந்தது.
போன் எடுத்துச் சொன்னேன்: எழுபத்தொன்று.
"அப்ப நாலு உழுந்துக்கும் காசு வேணுமோ?"
என்று சிரித்தார்.
அங்கால் மழை இரைச்சல்,
மிச்சம் கேட்கவில்லை.

சாக்கில் கிடந்ததைக் கோழிக்குப் போட்டேன்.
பூஞ்சணம் பிடித்ததை மட்டும்
பொறுக்கி அடுப்புக்குள்.