ஈரச் சாலை

இருக்கைப் பட்டைதான் முதலில் சொன்னது.
மியர்பேங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறேன்,
பதினான்கு பிள்ளைகள், ஒரு பழைய டொயோட்டா.
பட்டையை இழுத்து மாட்டும்போது
கழுத்தெலும்புக்கு மேல் ஏதோ உருண்டது.
சுண்டைக்காய் அளவு. வலி இல்லை.
வலிக்காததற்கு யார் விடுப்பு எடுப்பார்?

கிளினிக்கில் காசநோய் என்றார்கள்.
இந்த ஊரில் நியாயமான சந்தேகம்தான்.
ஆறு மாதம் மாத்திரை;
சிறுநீர் ஆரஞ்சாய்ப் போனது,
சுண்டைக்காய் நெல்லிக்காய் ஆனது.

டர்பன் பிப்ரவரியில்
இரவில் வேர்க்காதவர் யார்?
தலையணை உறையைப் பிழிந்து காயப்போட்டேன்,
அம்மா மின்விசிறியைத் திட்டினாள்.
அரிப்புக்கு மஞ்சளும் வேப்பிலையும்.
இளைத்ததைப் பார்த்து
என் நாத்தனார் வழி கேட்டாள்.
சுலோஷினி கல்யாணத்தில் ஒரு மிடறு பீர்,
கழுத்துக்குள் யாரோ திருகாணி முறுக்கினார்கள்.
அதைச் சொல்லவில்லை.
சொன்னால் பீரையும் சொல்ல வேண்டும்.

ஊசியில் எடுத்தது போதவில்லை,
கட்டியையே எடுத்தார்கள்.
டாக்டர் ஸிபியா திரையைத் திருப்பிக் காட்டினார்:
இளஞ்சிவப்பில் ஒரு வயல்,
நடுவே இரண்டு கண்ணோடு பெரிய உயிரணு.
ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா.
நிணநீர்க் கணுக்களில் தொடங்கும் புற்று.
"இதை ஆந்தைக் கண் என்போம்" என்றார்.
அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னது என் தப்பு.
புற்று என்றதற்கு அழாதவள்
ஆந்தைக்கு அழுதாள்.
"எங்கள் வீட்டிலும் ஆந்தை ஆகாது, அம்மா"
என்றார் டாக்டர், மேசையைச் சுற்றி வந்து.

பிறகு கேள்விகள்.
குடும்பத்தில் யாருக்காவது? இல்லை.
எச்.ஐ.வி. சோதனை?
அம்மா கைப்பை ஜிப்பைப் பார்த்தாள்.
எடுத்தேன். இல்லை.
சுரப்பிக் காய்ச்சல் வந்ததுண்டா?
பதினேழு வயதில், மூன்று வாரம்.
முத்தத்தில் தொற்றும் என்று வகுப்பே சிரித்தது.
பத்து வருஷம் கழித்து
அம்மா இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

வீட்டில் வேறு பட்டியல்:
எண்ணெய் ஆலைப் புகை,
நேர்ந்துவிட்டு எடுக்காத காவடி,
நள்ளிரவு நூடுல்ஸ்,
அந்தப் பையன்.
(அவன் பைன்டவுனில் காப்பீடு விற்கிறான்.
தொப்பை போட்டிருக்கிறது. நலம்.)

"அந்த வைரஸ் பத்தில் ஒன்பது பேரிடம் உண்டு,
என்னிடமும் இருக்கும்.
அது வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்.
உங்கள் வயதில் வருவதும் வழக்கம்.
ஏன் உங்களுக்கு என்று கேட்டால்
எனக்குத் தெரியாது."
தெரியாது என்ற டாக்டரை
அன்றுதான் முதலில் நம்பினேன்.

அம்மாவுக்கு என் பாஷையில் சொன்னேன்:
நெடுஞ்சாலையில் மழை.
ஈரம் எல்லாச் சக்கரத்துக்கும் ஒன்றுதான்.
ஆயிரம் வண்டி வீடு போய்ச் சேர்கிறது,
ஒன்று சறுக்குகிறது.
ஓட்டியவள் குடித்திருந்தாளா என்று
எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள்.
அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்:
"மழையில் ஏன் வண்டி எடுத்தாய்?"

இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்,
சொட்டுச் சொட்டாய்ச் சிவப்பு மருந்து.
வேனை என் தம்பி ஓட்டுகிறான்.
குணமாகிறவர்களே அதிகம் என்கிறார்கள்.
அந்த ஒரு கணக்கை
நான் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

அம்மா இரவில் என் ஜன்னலைச் சாத்துகிறாள்,
இந்தப் புழுக்கத்திலும்.
புகைக்கா, ஆந்தைக்கா என்று
இன்னும் கேட்கவில்லை.