ஆள்காட்டி

மூன்றாம் நாளும் படகு இல்லை.
யூயிஸ்ட் தீவில் மே மாதத் தூறல் விழுவதில்லை,
சும்மா காற்றில் நிற்கிறது.

பைனாகுலரைத் துடைக்கும் சட்டை நுனியும் ஈரம்.
ஊனா ஐரிஸ் புதருக்குள் தேடுகிறாள்:
சீப்பின் பல்லை நகத்தால் இழுத்தாற்போல்
க்ரெக், க்ரெக்.
இதோ இங்கே. இல்லை, வேலிக்கு அப்பால்.

டிராக்டரை நிறுத்தினார் மெக்காஸ்கில்.
"பார்த்தாச்சா?"
"இல்லை."
"அறுபது வருஷமாகக் கேட்கிறேன்.
பார்த்தது இரண்டே தடவை.
ஒன்று, பூனை வாயில்."

அவர் போனதும்
ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேல் சுழன்று
தீவுக்கே கேட்கும்படி கத்தியது:
இரண்டு பேர், ஒரு மஞ்சள் கோட்டு,
என் முட்டைக்குப் பத்தடியில்.

குனிந்தபடியே பின்வாங்கினோம்,
பிளாஸ்க்கை மறந்துவிட்டு.

க்ரெக், க்ரெக்.
நாங்கள் நின்ற இடத்திலிருந்தே.