கடைசித் தவணைக்கு மறுநாள்

இருநூற்று நாற்பது மாதம் என்றுதான் தொடங்கியது.
இருநூற்றெழுபத்தாறில் முடிந்தது.
நடுவில் முப்பத்தாறு, ஆற்றின் கணக்கு.

பத்திரம் திரும்பி வந்தது,
ஓரத்தில் வங்கி குத்திய இரண்டு துளைகளோடு.
எங்காவது போய்ச் சாப்பிடலாம் என்றேன்.
"வீட்லயே ஏதாவது" என்றார் கலியமூர்த்தி.
இருபத்துமூன்று வருஷம்
வீடுதானே சாப்பிட்டது, நாம் எங்கே.

பெங்களூரிலிருந்து மகன் மூன்று இடம் அனுப்பினான்.

கடற்கரைச் சாலையில் ஒரு மொட்டைமாடி.
படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகளுக்கு
வழிவிட்டு வழிவிட்டே ஆறிப்போகும் சோறு.

மஞ்சள் சுவர், காகிதப்பூ, உயர்ந்த கதவு.
தாம்பாளம் அளவு தட்டில்
கொட்டைப்பாக்கு அளவுக்கு ஏதோ ஒன்று.
"இதுக்கு யாரு ஸ்கூட்டர்ல புதுச்சேரி வரைக்கும்."

மூன்றாவது,
சுண்ணாம்பாற்றங்கரையில் ஒரு பிரெஞ்சு பிராஸரி.
தண்ணீருக்குமேல் பலகைத் தளம்,
எதிர்க்கரையில் அலையாத்தி இருட்டு.

ஆற்றங்கரை என்றதும்
இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கார்த்திகையில் ஒரு விடிகாலை
பெண்ணையாறு சொல்லாமல் வந்தது.
அரிசி மூட்டை, மெத்தை, மகனின் மார்க் ஷீட்,
பூசி ஒரு வருஷம் ஆகாத சுவரில் இடுப்புவரைக்கும்
எல்லாவற்றையும் தின்றுவிட்டு
மூன்றாம் நாள்
இலைகூட எடுக்காமல் எழுந்து போனது.
அடுத்த முறை வந்தபோது வழி தெரிந்திருந்தது.
பின்கட்டு வழியாக.

"அது வேற ஆறு" என்றார்.
எல்லாம் ஒரே கடல்லதானே கை கழுவுது, என்றேன்.
இரண்டு தடவை நம்மிடம் சாப்பிட்டவர்கள் பக்கம்
ஒரு தடவை போகவேண்டாமா.

போனை எடுத்தவள் பெயர் மதலேன்.
"ஆத்துப் பக்கமா, உள்ளாரயா?"
ஆத்துப் பக்கம். ரொம்பப் பக்கம்.
"என்ன விசேஷம்? பொறந்தநாளா, கல்யாண நாளா?
கேக்குல எழுதணும்."
கடன் தீர்ந்த நாளுக்குப் பெயர் வைக்க மறந்திருக்கிறார்கள்.
யோசித்து, எங்கள் கதவு எண்ணைச் சொன்னேன்.

வெங்காய சூப் வந்தது,
மேலே சீஸ் இறுகி மூடியிருந்தது.
ஸ்பூனால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.
"கான்கிரீட் நல்லா செட் ஆயிருக்கு."
இருபத்துமூன்று வருஷத்தில்
வீட்டைப்பற்றி அவர் செய்த முதல் பகடி.
கொடுவா மீன் வெண்ணெயில் மிதந்து வந்தது.
சோறு கேட்டார். ரொட்டி கொடுத்தார்கள்.
அதில் வெண்ணெயை வழித்து வழித்துத் தின்றார்.

பதினான்கு என்று எழுதிய கேக்கோடு
நாலு பையன்கள் கைதட்டிக்கொண்டே வந்து
மேசையைச் சுற்றிலும் தேடினார்கள்.
"பாப்பா எங்க மேடம்?"
கடலூரில், என்றேன். பூட்டிவிட்டு வந்திருக்கிறோம்.
மெழுகுவத்தியை நாங்கள் ஊதுமுன்
ஆற்றுக்காற்று ஊதிவிட்டது.

ஒன்பதுக்குமேல் கடல் ஏறிற்று.
பலகைக்கு அடியில் தண்ணீர்ச் சத்தம்
கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில் வந்தது.
மகனின் சம்பளத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர்
பேச்சை நிறுத்தவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை.
கால்கள் மட்டும் இரண்டும்
நாற்காலியின் குறுக்குக் கட்டைக்கு ஏறியிருந்தன.
செருப்போடு.

தரையில் வைத்த என் கைப்பை,
பத்திரம் உள்ளே இருக்கும் பை,
எப்போதோ மடிக்கு வந்திருந்தது.
எடுத்துவைத்ததாக ஞாபகம் இல்லை.

காபி வேணுமா என்று கேட்டாள் மதலேன்.
இரண்டு, என்றேன்.
சர்க்கரை தூக்கலாக.