நாலெழுத்து

ஜூலை மாதம்.
கழுதை வயிறு என்று லிமாக்காரர்கள் சொல்லும் வானம்
கூரைகளைத் தொட்டுக்கொண்டு படுத்திருக்கிறது.
மழை என்று ஒப்புக்கொள்ள முடியாத ஏதோ ஒன்று
நாள் முழுக்கக் கசிகிறது.
திங்கட்கிழமை துவைத்த சட்டை
வியாழன் வரை காயவில்லை.
மூச்சுக்குழாய்களின் பருவம் இது.

வில்மெர் தக்கூரி ஆறு மருத்துவமனைகளைச் சுற்றிவிட்டு
மோட்டார்சைக்கிளை நிறுத்துகிறான்.
முதுகில் நீலப் பெட்டி.
பனிக்கட்டிக்கு நடுவே முப்பத்தெட்டுக் குழாய்கள்,
குழாய்க்கு ஒரு குச்சி,
குச்சிக்கு ஒரு அழுகை.
"சேதாரமில்லை" என்று கையெழுத்து வாங்கிக்கொள்கிறான்.

எதுவினா வார்க்காயா பெயர்களைப் பார்ப்பதில்லை.
பார்ப்பதற்கு அவை இல்லை.
எண், வயது, வட்டாரம், தேதி.
மிச்சமெல்லாம் சளி.

இரவில் இயந்திரம்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல
எழுத்துக்கூட்டி வாசிக்கிறது.
பதினைந்தாயிரத்துச் சொச்சம் எழுத்து,
அத்தனையும் நாலே நாலின் மாற்றி மாற்றி அடுக்கல்.
நாலெழுத்துப் படித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பார்கள்;
உயிர் என்று துணிந்து சொல்ல முடியாத இது
அந்த நாலெழுத்தை வைத்துத்தான் பிழைக்கிறது.
படியெடுக்கும்போது கை தவறுகிறது,
ஏ இருந்த இடத்தில் ஒரு ஜி.
பிழை. அதனால் பிழைப்பு.
(என் மொழியில் இரண்டுக்கும் ஒரே வேர்போல் ஒலிப்பதை
எதுவினாவிடம் சொல்ல வழியில்லை.)

அவள் வேலை பாடபேதம் பார்ப்பது.
எந்தப் படியிலிருந்து எந்தப் படி,
யார் யாருக்குப் பங்காளி,
எந்தக் கிளை இந்த வருஷம் ஊரை ஆளப்போகிறது.
விடிகிறபோது திரையில் ஒரு மரம்,
வேர் இடப்பக்கம், கிளைகள் வலப்பக்கம்,
இலைகளெல்லாம் எண்கள்.

417: பதினோரு மாதம்.
சான் ஹுவான் தெ லுரிகாஞ்சோ, படிக்கட்டு முடிந்த பிறகும்
வீடுகள் ஏறிக்கொண்டே போகும் மேடு.
431: நான்கு வயது.
மிராஃப்ளோரெஸ், கடலைப் பார்த்த கிளினிக்.
இரண்டும் ஒரே காம்பில் தொங்குகின்றன.
நகரத்தில் வேறு எவரிடமும் இல்லாத மூன்று பிழைகள்
இருவரிடமும் அச்சு மாறாமல்.

ஃபவுஸ்தோ காபியோடு வந்து எட்டிப் பார்த்தான்.
"417 முந்தி வந்திருக்கிறது.
வீட்டு வேலைக்கு வந்தவள்
மேட்டிலிருந்து இறக்கியிருப்பாள்."

அவள் பதில் சொல்லவில்லை. எண் என்பது
வில்மெரின் வண்டி போன வழி, அவ்வளவுதான்.
மறுபடி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள்.
மேட்டுக் குழந்தையிடம் நாலாவதாக ஒரு பிழை,
கடலோரக் குழந்தையிடம் அது இல்லை.

ஏறியிருக்கிறது.
அப்படித்தான் தோன்றுகிறது.
நடுவில் இன்னும் பத்துப் பேர் இருந்திருக்கலாம்,
ஒருத்தியும் இல்லாமலும் போகலாம்.
யாரோ ஒருத்தி
ஊரார் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு
இரண்டு பஸ் மாறி, கம்பியைப் பிடித்தபடியே தூங்கி,
கடைசியில் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு
தன் பிள்ளையைத் தூக்கியிருக்கலாம்.
மரத்தில் அவளுக்கு இலை இல்லை.
கோடு மட்டும் இருக்கிறது, ஒரு விரற்கடை நீளம்.

அறிக்கையில் எழுதினாள்:
"ஆர்.எஸ்.வி., ஏ வகை. ஒரே கொத்து. இரு வட்டாரங்கள்.
பரவிய திசை உறுதியில்லை."
'உறுதியில்லை'யை ஃபவுஸ்தோவுக்காக ஒருமுறை
அழுத்தித் தட்டினாள்.

சாயங்காலம் காலிப் பெட்டியை எடுக்க வந்த வில்மெர்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான்,
"அந்த மேட்டுக் குழந்தை, கண்ணைத் திறக்காமல் கிடந்ததே,
எப்படி இருக்கிறது?"

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
குச்சியின் நீளத்துக்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறது.
அதற்கு இல்லை.

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை இருந்தாள்.
பிறகு கதவைச் சாத்திவிட்டு,
செய்யக்கூடாது என்று தெரிந்தே,
வார்டு எண்ணைச் சுழற்றினாள்.
ஏழெட்டு மணி அடித்தபின்
யாரோ எடுத்தார்கள்.
முதலில் இருமினார்கள்.