அசைந்து தின்னும் வீடு

விலை ஒன்பதாயிரம் டாலர்,
பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று
அட்டையில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தான்
க்ளீட் ஆமுண்ட்சன்.
வெயிலில் எழுத்து வெளுத்து
'பேசி' மட்டும் மிச்சம்.

வெர்னா பேசவில்லை.
குனிந்து டயரைப் பார்த்தாள்.
ரப்பரின் கன்னத்தில் நான்கு எண்கள்:
பிறந்த வாரம், பிறந்த வருடம்.
பதினோரு வயது. பட்டன் கொஞ்சமும் தேயவில்லை.
ஓடிக் கிழடானதை நம்பலாம்,
நின்றே கிழடானதை நம்ப முடியாது
என்று லைலிடம் சொல்லத் திரும்பினால்
அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.
வாங்க வந்தவன் உட்காரக் கூடாது.
உட்கார்ந்தாலும்
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக்
கால் நீட்டிப் பார்க்கக் கூடாது.

தொண்ணூற்றிரண்டாம் வருடத்து வண்டி.
இருபத்தேழு அடி நீளம்.
அடுப்பு, கக்கூஸ், கட்டில்
எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்,
எல்லாம் முழங்கையில் இடிக்கும் தூரத்தில்.
யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்.
இது இரண்டு வாயும் உள்ள பிராணி:
நின்றால் கூரை கேட்கும்,
நகர்ந்தால் இன்ஜின் கேட்கும்
நூறு மைலுக்குப் பன்னிரண்டு கேலன்.

கையில் இருந்தது ஆறாயிரத்து எண்ணூறு.
மீன் டப்பா ஆலை மூடியபோது
வெர்னாவுக்குக் கொடுத்தது கொஞ்சம்,
மீதி லைலின் படகு.
ஆகஸ்டில் வாடகை ஏறிய கடிதம் வந்தது.
செப்டம்பரில் படகு போனது.
அதற்கு வைத்திருந்த பெயரை
வாங்கியவன் அங்கேயே நின்று
கத்தியால் சுரண்டினான்.
லைல் கத்தி கொடுத்தான்.

கட்டிலுக்கு மேலே, மூலையில்
கட்டைவிரலால் சுவரை அழுத்தினாள் வெர்னா
பப்பாளி வாங்குகிறவள்போல.
அமுங்கியது.
எப்போதோ கொஞ்சம் ஈரம் இறங்கியிருக்கும் என்றான் க்ளீட்.
அந்த 'எப்போதோ'வின் மேல்
புது வெள்ளைப் பெயின்ட் மணத்தது.

யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டார்கள்.

அந்தக் கடற்கரையில் மழைக்கு
ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியதில்லை.
அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை
கடலிலிருந்து சாய்வாக வந்தது,
நிற்கிற எண்ணமே இல்லாமல்.
போன் செய்யாமல் போனார்கள்.
காலுறையோடு கதவைத் திறந்த க்ளீட்
அவர்களைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்,
எதற்கு என்று கேட்கவில்லை.
சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கட்டிலின் மேல் ஒரு அலுமினியச் சட்டி
ஏற்கெனவே வைத்திருந்தது.
பாதி நிறைந்திருந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.
டக்.
கொஞ்ச நேரம் கழித்து, டக்.
இதைவிட நேர்மையாக யாரும் அந்த வண்டியில்
வாய் திறந்ததில்லை.

சட்டியும் சேர்த்துத்தான் விலை
என்றான் க்ளீட் கடைசியில், தரையைப் பார்த்து.
வெர்னா சிரித்துவிட்டாள்.
எதிர்பாராத சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது.
அதற்குப் பிறகு கோபமாகப் பேரம் பேச முடியவில்லை.
ஆறாயிரத்து நூறு.

மிச்சம் எழுநூறு.
கூரைக்குப் பூச இருநூற்று நாற்பது,
முன்டயர் இரண்டுக்கு மீதி.
பின்னால் நான்கும்
இன்னும் கொஞ்சம் வயதாகட்டும்.

ஊர் எல்லை வளைவில் சட்டி கவிழ்ந்தது.
கொட்டிவிட மறந்த தண்ணீர்.
வெர்னா எழுந்தாள்,
அடுப்பைப் பிடித்து, குளியலறைக் கதவைப் பிடித்து,
மணிக்கு நாற்பது மைலில் ஓடும் வீட்டில்
பின்பக்கம் நடந்து போனாள்
துணி எடுக்க.

என்ன ஆச்சு? லைல் கத்தினான்.
தண்ணி கொட்டிடுச்சு.
எங்கே?

ஜன்னலில் ஒரு பெட்ரோல் பங்க்,
ஈர மரக்கட்டைக் குவியல்,
பிறகு அதுவும் இல்லை.

ஹாலில், என்றாள்.