குசினிக்கு வாங்கின கல்

வீட்டுத்திட்டக் காசு
கூரையோடு முடிந்துபோனது.
மூன்று யன்னலுக்கும் பசளைப் பை.
வாடை ஊதினால்
பை வயிறு புடைத்து, வற்றி,
திரும்பவும் புடைக்கும்.
இரவெல்லாம் வீட்டுக்குள்
யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்து ஐந்து நாள்.
சீமெந்து நிலத்தால் ஏறுகிற ஈரம்
பாயைத் தாண்டி வந்து
முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணுகிறது.
ஹட்டனில் இருக்கிற மச்சாள்
போனில் சிரிக்கிறாள்:
"வன்னியிலயும் ஒரு குளிரோ?
இங்க வந்து பாரடி."
அங்கே யன்னலுக்குக் கண்ணாடி இருக்கும்.
நான் சொல்லவில்லை.

ஒட்டுசுட்டான் கடையில் போர்வை
மூவாயிரத்து எண்ணூற்றைம்பது.
தடவிப் பார்த்தேன். இரண்டு அன்னம் போட்டது.
"எடுங்கோ அக்கா, ஐம்பது குறைக்கிறன்."
செவ்வாய்க்கிழமை லோன்காரப் பெடியன்
மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே ஹோன் அடிப்பான்.
போர்வையை மடித்துக் கொடுத்தேன்,
கடைக்காரன் மடித்திருந்ததை விட ஒழுங்காக.

கரண்டையும் தொடமாட்டேன்.
அறுபது யூனிட்டைத் தாண்டினால்
வேறு யாருடையதோ பில்
எங்கள் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

இருக்கிறது ஒரு கம்பளி.
அதற்கு இரண்டு ஷிப்ட்.
பின்னேரம் ஏழுக்கு இன்பராசாவோடு
வயல் காவலுக்குப் போகும்.
பரணில் குந்தியிருக்கும்,
யானைக்கு வெடி கொளுத்தும்,
பன்றிக்குத் தகரம் தட்டும்.
விடிய ஐந்தரைக்கு,
கோயில் ஸ்பீக்கர் ஓய்கிற நேரம்,
அவருடைய சூடு ஆறாமல்
புகை மணத்தோடு வீடு வரும்.
அப்படியே வாங்கிப் பிள்ளைகள் மேல் போடுவேன்.
பள்ளிக்கூடத்துக்கு எழும்பும் மட்டும்
அவர்களுடையது.
"அப்பா மணக்குது" என்பான் சின்னவன்,
கண் திறக்காமல்.

அதற்கு முந்திய பத்து மணித்தியாலம்தான்
பிரச்சினை.

குசினி கட்டவென்று போன வருஷம் இறக்கின செங்கல்
மாமரத்தடியில் பாசி பிடித்துக் கிடக்கிறது.
சோறு வடித்த பிறகும் அடுப்பில் தணல்.
தண்ணி தெளித்து அணைக்க மனம் வரவில்லை.
இரண்டு கல்லை உள்ளே தள்ளினேன்.
யதுசிகா கணக்குச் செய்து முடிக்க
கல் காய்ந்துவிட்டது.
பழைய சாறத்தில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தேன்.

முதல் இரவு சாறம் கருகியது.
மூன்று பேரும் துள்ளி எழும்பி,
இருமி இருமிச் சிரித்து
அதிலேயே உடம்பு சூடாகிவிட்டது.
அடுத்த நாள் தொடக்கம்
கல்லை வெளியே எடுத்து
நூறு மட்டும் எண்ணிவிட்டுத்தான் சுற்றுவது.

வேலிக்கு அந்தப் பக்கத்தால் மங்களேஸ்:
"ராவில என்னத்தையடி சுடுறாய்?"
"கல்லுப் பிட்டு."
மறுநாள் அவளும் இரண்டு கல் கடன் வாங்கினாள்.
இந்த ஒழுங்கையில் நான் அறிய
வட்டியில்லாத முதல் கடன்.

தைப் பனி இறங்கின அன்று
இன்னொரு கல்லும் போட்டேன்.
சாக்கில் பொதிந்து
சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினேன்.
இன்பராசா திரும்பிப் பார்த்து,
"யானைக்கு எறியவோ?" என்றார்.
காலுக்கு என்று நான் சொல்லவில்லை.
விடிய, கல்லைத் திருப்பிக் கொண்டுவந்து
மாமரத்தடியில் வைத்தார்,
மற்றதுகளோடு சேர்க்காமல், தனியாக.

வெள்ளாமை வெட்டி, நெல் விற்று,
லோனுக்குப் போக மிஞ்சியதற்கு
அருளப்பு மேசன் வந்தார்.
பங்குனி வெயில்.
சட்டை முதுகில் ஒட்டுகிறது.
குளிர் என்ற ஒன்று இருந்ததென்று சொன்னால்
எனக்கே நம்பிக்கை வராது.

"இது என்ன பிள்ளை,
சுட்ட கல்லைத் திருப்பிச் சுட்டிருக்கிறியள்?"
ஐந்து கல், கன்னங்கறுப்பு.
"அதை விடுங்கோ அண்ணை. சுவருக்கு இல்லை."
"ஐஞ்சு கல்லுக் குறைஞ்சால்
மேல ஒரு ஓட்டை விழுமே."

விழட்டும்.
பசளைப் பை இருக்கு.