ஆண்டு மலருக்கு நாலு வரி

வக்கீல் சங்க ஆண்டு மலருக்கு
நாலு வரி கேட்டார்கள்,
சித்தூர்க் கோர்ட்டில் ஜெராக்ஸ் மிஷினுக்கு மேலே
தொங்குகிற வேதகிரி முதலியாரைப் பற்றி.
பிறப்பு, சன்னது, பதவி, இறப்பு.
பல்லி முட்டையிட்ட அந்தப் படத்துக்குப் பின்னால்
யாரும் கைவிட்டுப் பார்த்ததில்லை.

ரெக்கார்டு ரூமுக்குப் போனேன்.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு, ஏரித் தாவா.
கறையான் போக மிச்சம்.
ஜமீனுக்கு எதிராகக் கூண்டில் நாகுலம்மா,
தெலுங்கில்:
"மன நீள்ளு."
மன என்றால் நம்.
நீயும் நானும் ஜமீனும்
கரையில் நின்ற கழுதையும் சேர்ந்த நம்.
கேட்டீர்களா, எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்
என்று துள்ளினார் எதிர்வக்கீல்.
வேதகிரி எழுந்து
துரைக்கு இங்கிலீஷில் பெயர்த்தார்.
நம் என்பதற்கும் எங்கள் என்பதற்கும்
அந்தப் பாஷையில் ஒரே சொல்.
துரை மை தொட்டு எழுதிக்கொண்டார்
தனக்குத் தெரிந்த அர்த்தத்தில்.

பைசல் குடியானவர் பக்கம்.
நகரியிலிருந்து ஒரு வண்டி மாம்பழம் வந்து
மூன்று நாள் மணத்தது தெரு.

பிறகு தாலுகா போர்டு.
ஓட்டுப் போட்டவர்கள் நாற்பத்தொரு பேர்.
நாகுலம்மா வீட்டில் எவனுக்கும் ஓட்டில்லை,
வரி கட்டும் அளவுக்கு நிலமில்லை.
எண்பத்தாறு, ஆடி மாதக் கூட்டம்.
மினிட் புத்தகத்தில் அவர் பேச்சு:
"அது நம் ஏரி."
பதினோரு தடவை. எண்ணினேன்.
பன்னிரண்டாவது தடவை
ஏக்கருக்கு எட்டணா தண்ணீர்த் தீர்வை.

அடுத்த வரி:
வாசலில் ஒரு பெண்பிள்ளை கூச்சல்;
சேவகன் அகற்றினான்.
என்ன கூச்சல் என்று எவன் எழுதுவான்?
எழுதியிருக்கிறான் அந்தக் குமாஸ்தா,
ஓரத்தில், பென்சிலில்:
"மா நீள்ளு."
மா என்றால் எங்கள்.
உன்னை விட்டுவிட்டு.

குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.
அந்த எட்டணாவில்தான் மதகு கட்டினார்கள்.
காலேஜ் நாளில் அதிலிருந்து
தலைகீழாகக் குதித்திருக்கிறேன்.

நாலு வரி எழுதிக் கொடுத்தேன்.
பிறப்பு, சன்னது, பதவி.
கடைசியில் இப்படி முடித்தேன்:
நம் சங்கத்தின் முன்னோடி.
அடித்தேன். எங்கள் என்று போட்டேன்.
அதையும் அடித்தேன்.

மலர் தெலுங்கில் வருகிறது.
ராத்திரி பத்து மணிக்கு டி.டி.பி. பையன் போன்:
"சார், இந்த அடித்த இடத்தில்
மனயா, மாவா?
சீக்கிரம் சொல்லுங்க,
கரண்ட் போயிடும்."